லண்டன் விலைக்கு ஒரு வாச்சு

திருவனந்தபுரத்தில் சர்க்கார் தலைமை ஆபீஸான ஹஜூர் கச்சேரியின் ஆடிட் பிரிவில் பிச்சுமணி ஐயருக்கு வைத்திருந்த பெயர் 'தடசம்'. மலையாளத்தில் ஆட்சேபணை என்று அர்த்தம். எந்த பில் வந்தாலும் அதன் ஓரத்தில் சிவப்பு மையால் அந்த ஒரு வார்த்தையை எழுதாமல் அவர் பேனாவை மூடியதில்லை. பாலத்துக்குக் கல் இறக்கினவன், யானைக்கு ஓலை வெட்டினவன், விருந்தினர் பங்களாவுக்குத் திரைச்சீலை தைத்தவன், ஒருத்தனும் தப்பவில்லை. பில் நேராக இருந்துவிட்டால் அன்றைக்கு அவருக்கு மத்தியானச் சோறு இறங்காது. இருபத்திரண்டு வருஷமாக இப்படி வெட்டி வெட்டி சர்க்காருக்குப் பணம் மிச்சம் பிடித்துக் கொடுத்ததாக அவர் நம்பினார். அவர் வெட்டுவதற்கென்றே காண்டிராக்டர்கள் ஒவ்வொரு பில்லிலும் பத்து ரூபாய் கூட்டிப் போட்டு அனுப்பினார்கள் என்பது கச்சேரியில் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

கொல்லம் ஆண்டு 1109, கன்னி மாதம். தமிழில் புரட்டாசி; இங்கிலீஷ்காரனுக்கு 1933 செப்டம்பர். பிச்சுமணி ஐயரின் ஒரே பெண் விஜயத்துக்குத் தை பத்தாம் தேதி கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கரமனை வெங்கடகிருஷ்ணய்யரின் பிள்ளை, பி.ஏ., பாங்கியில் உத்தியோகம். வரதட்சணை, வெள்ளிப் பாத்திரம், பட்டு எல்லாவற்றிலும் பிச்சுமணி ஐயர் தடசம் எழுதி எழுதிக் குறைத்துவிட்டார். குறைக்க முடியாமல் நின்றது ஒன்றே ஒன்று. ஆரியசாலையில் பகவதிப்பெருமாள் பிள்ளை கடைக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு ரேடியம் வாச்சு இருந்தது. இருட்டில் அதன் எண்கள் பச்சையாக ஒளிரும். மாப்பிள்ளைக்கு அந்த வாச்சு வேண்டும். அதே மாதிரி, அதே தோல் பட்டை.

"மாப்பிள்ளை அழைப்பன்னிக்கு வாச்சு கையிலே ஏறணும். அப்புறந்தான் பையன் கார்லே ஏறுவான்" என்று வெங்கடகிருஷ்ணய்யர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். ரிட்டையரான தாசில்தார் அவர். அவர் சிரித்துக்கொண்டு சொன்னது எதுவும் வேடிக்கையாக இருந்ததில்லை.

"இருட்டிலே மணி பார்த்து என்ன பண்ணப் போறாராம்?" என்றாள் விஜயம்.

"அதெல்லாம் கல்யாணத்துக்கப்புறம் தெரியும். வாயை மூடிண்டு அப்பளத்தை இடு" என்றாள் அவள் அம்மா சூடாமணி.

மறுநாள் ஆபீஸ் விட்டு வலியசாலைக்குத் திரும்பும் வழியில் பிச்சுமணி ஐயர் பிள்ளையின் கடையில் ஏறினார். கடையில் ஒரே ஒரு ஸ்டூல். வாங்க வந்தவர்களுக்குத்தான் அது. விலை கேட்க வந்தவர்கள் நின்றுகொண்டே கேட்கலாம். வருகிறவர் எந்த ரகம் என்பதைப் பிள்ளை அவர் படி ஏறும்போதே கண்டுபிடித்துவிடுவார். அன்றைக்கு ஸ்டூல் நகரவில்லை.

"வரணும் சாமி. அங்க மழ விட்டாச்சா?"

"அந்த வாச்சு என்ன விலை, ஓய்?"

"அறுவது."

"அறுபதா?"

"பிரிட்டிஷ் ரூவா. நம்ம ஊரு சக்கரக் காசாட்டுத் தந்தாலும் வாங்கிக்கிடுவேன். எண்ணி முடிக்க நாளைக்குப் பகல் ஆயிரும், அவ்வளவுதான்."

பிச்சுமணி ஐயர் கோட்டுப் பையிலிருந்து ஒரு சிறிய புத்தகத்தை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார். லண்டன் கம்பெனி ஒன்றின் விலைப் பட்டியல். வெள்ளைக்கார என்ஜினீயர் ஒருவர் தன் பில்லோடு இணைத்து அனுப்பியது. பில்லை இவர் திருப்பி அனுப்பிவிட்டார்; பட்டியலை அனுப்பவில்லை.

"இதிலே என்ன எழுதியிருக்கு, வாசியும்."

"எனக்கு இங்கிலீஷ் வராது சாமி. நம்பர் வாசிப்பேன். முப்பத்தஞ்சு."

"முப்பத்தஞ்சு ஷில்லிங். நம்ம கணக்குக்கு இருபத்துமூணேகால் ரூபாய். நீர் அறுபது பறயறீர். பாக்கி முப்பத்தாறேமுக்கால் எங்கே போச்சு?"

"கடல்ல போச்சு" என்றார் பிள்ளை.

"விளையாட வேண்டாம்."

"வெளையாட்டு இல்ல சாமி. கப்பல்காரன் கொஞ்சம் எடுப்பான், சுங்கத்துக்காரன் பாதிய எடுப்பான். பெட்டி தொறந்தா பத்துல ரெண்டு ஓடாது. அத நான் அவிச்சுத் திங்கவா முடியும்? ஓடுகத எடுத்துப் பெட்டியில வச்சா, ஒரு வருசமாட்டு ஊரே வந்து ஓசியில மணி பாத்துட்டுப் போவும். இவ்வளவும் போவ எனக்கும் வீட்டுல அடுப்பு எரியணும்லா?"

"தடசம்" என்றார் பிச்சுமணி ஐயர். பழக்க தோஷம்.

"சாமி ஆனதுனால அம்பத்தஞ்சு. எடுத்துப் பொதியட்டா?"

அம்பத்தைந்துக்கு வாங்கியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இருபத்துமூன்றேகால் என்ற எண் கண்ணில் பட்ட பிறகு அதற்கு மேல் ஒரு காசு கொடுப்பது அவருக்குப் பாவம் போலத் தோன்றியது.

"நானே லண்டனிலேர்ந்து வரவழைக்கறேன், ஓய். தையிலே உம்ம கடைக்கே கொண்டு வந்து காட்டறேன்."

"வரவழையுங்க சாமி. வந்தா காட்டுங்க, கும்பிடுகேன்" என்றார் பிள்ளை. அவர் கோபப்படவில்லை. மாதம் இரண்டு பேராவது இப்படி வந்து சபதம் போட்டுவிட்டுப் போவது வழக்கம். பட்டியல் கிடந்த இடத்தில் கண்ணாடியைத் துணியால் துடைத்தார்.

வலியசாலைத் தெருவில் செய்தி பரவ ஒரு ராத்திரி போதுமானதாக இருந்தது. மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிச்சுமணி ஐயர் வீட்டுக் கூடத்தில் ஆட்கள் சேர்ந்தார்கள். தெருவில் எல்லோரும் குமாஸ்தா அல்லது வாத்தியார். எல்லோருக்கும் ஃபவுண்டன் பேனா ஆசை இருந்தது. பட்டியலில் பேனா ஏழரை ஷில்லிங், அதாவது ஐந்து ரூபாய்.

"ஏழு ரூபாய்" என்றார் பிச்சுமணி ஐயர்.

"அஞ்சுன்னா போட்டிருக்கு?" என்று கேட்டார் பள்ளிக்கூட வாத்தியார் சாம்பசிவன். அவர்தான் அந்தக் கூட்டத்தில் இங்கிலீஷ் புத்தகத்தை நேராகப் பிடித்திருந்தவர்.

"தபால் செலவு? மணியார்டர் கமிஷன்? ஃபாரம் எழுதற உழைப்பு? நான் போஸ்டாபீஸுக்கு நடக்கற நடை?"

"பிள்ளை கடையிலே ஏழரைக்குக் கிடைக்கறதே, ஓய்."

"எட்டணா மிச்சம் உமக்குக் கசக்கறதாக்கும்?"

சாம்பசிவன் ஏழு ரூபாயை எண்ணி வைத்தார். அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வைத்தார்கள். பிள்ளை செய்தால் கொள்ளை. அதையே பிச்சுமணி ஐயர் செய்தபோது அதற்குச் 'செலவினம்' என்று பெயர். சூடாமணி அடுக்களையிலிருந்தே மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"அப்போ நம்ம வாச்சு ஏறக்குறைய இனாமா வரது."

"மெதுவாப் பேசுடி" என்றார் அவர்.

கடிதம் எழுதுவது மூன்று நாள் வேலையாக நடந்தது. முதல் நாள் டிராஃப்ட், இரண்டாம் நாள் திருத்தம், மூன்றாம் நாள் சுத்தப் பிரதி. பதினான்கு பாராக்கள், ஒவ்வொன்றுக்கும் நம்பர். சூடாமணிக்கு ஒரு கவலை இருந்தது.

"கேட்டேளா? சாமான் மார்கழியிலே வந்து தொலைக்கப் போறது. சுபத்துக்கு வாங்கறது மார்கழியிலே ஆத்துக்குள்ளே ஏறப்படாது."

"அதுக்காகத்தானே பதினொண்ணாம் பாரா" என்றார் அவர். அந்தப் பாராவில், சரக்குகள் 1-6-1109க்கு முன்போ 8-6-1109க்குப் பின்போ ஒருபோதும் ஒப்படைக்கப்படலாகாது என்று இங்கிலீஷில் எழுதி, 'ஒருபோதும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார். கடிதத்தின் தலையில் 12-2-1109 என்று தேதி. திருவிதாங்கூர் கச்சேரிகளில் மாதத்தைச் சிங்கத்திலிருந்து, அதாவது ஆவணியிலிருந்து, எண்ணுவார்கள். கன்னி இரண்டாம் மாதம். மகரம், அதாவது தை, ஆறாம் மாதம். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கை வேறு விதமாகத் தேதி போட்டதில்லை.

பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புவரை படித்த விஜயம் பக்கத்தில் வந்து நின்றாள். "நான் ஒரு தரம் படிச்சுப் பார்க்கட்டுமா அப்பா?"

"ஆபீஸ் கடிதாசைப் பொம்மனாட்டி படிச்சுப் பார்த்து அனுப்பற வழக்கம் எங்கேயும் கிடையாது."

அவள் அப்பளத்துக்குத் திரும்பிப் போனாள்.

கடல் தாண்டிப் போகும் கடிதம் திருவிதாங்கூரின் சொந்த அஞ்சலில் போகாது; பிரிட்டிஷ் தபாலாபீஸில்தான் போட வேண்டும். அங்கே கவுண்டரில் வேதமாணிக்கம் இருந்தான். நெய்யாற்றங்கரைப் பக்கத்துக் கிறிஸ்தவன், பேச்சில் கொஞ்சம் குறும்பு உண்டு, வேலையில் கிடையாது. கடிதத்தை நிறுத்துப் பார்த்தான்.

"என்னா சாமி, இவ்வளவு கனம்? வாச்சுக்கு எழுதியளா, வாச்சுமேல கேஸ் போடுதியளா?"

"ரிஜிஸ்தர் பண்ணு. ரசீது தா."

விருச்சிக மாதத்தில், அதாவது கார்த்திகையில், லண்டனிலிருந்து பதில் வந்தது. தடித்த காகிதம், மேலே சிங்கம் போட்ட முத்திரை. பணம் கிடைத்தது என்றும், வாடிக்கையாளர் குறித்த தேதிகளைத் தங்கள் கம்பெனி நாள் பிசகாமல் கடைப்பிடிக்கும் என்றும் எழுதியிருந்தார்கள். பிச்சுமணி ஐயர் அதைக் கூடத்தில் வாசித்தார், ஆபீஸில் வாசித்தார், கோயில் மண்டபத்தில் வாசித்தார். கடைசியில் ஆரியசாலைக்குப் போய்ப் பிள்ளையிடம் தமிழில் சொல்லி வாசித்தார்.

"நல்ல மரியாதப்பட்ட ஆளுவ" என்றார் பிள்ளை. "இருந்தாலும் சாமி, இந்த வாச்சு ஒண்ணுதான் மிச்சம். கல்யாண சீசன் வருது. எதுக்கும் எடுத்து மாத்தி வைக்கட்டா?"

பிச்சுமணி ஐயர் கடை அதிரச் சிரித்துவிட்டுப் படி இறங்கினார்.

மார்கழி போயிற்று. தை முதல் நாள் பொங்கல் பானை இறக்கின கையோடு அவர் தபாலாபீஸுக்குப் போனார். அடைத்திருந்தது. இரண்டாம் தேதி போனார். மூன்றாம் தேதி, நான்காம் தேதி.

"உண்டா?"

"இல்ல சாமி."

"நன்னாப் பாரு."

"வாச்சு வந்தா டிக் டிக்குன்னு அதுவே விளிக்கும் சாமி. நாம பாக்கணும்னு இல்ல."

ஐந்தாம் தேதி காலையில் வெங்கடகிருஷ்ணய்யர் வலியசாலைக்கு வந்தார். காப்பியை மறுக்காமல் குடித்தார். பந்தலைப் பார்த்தார். பந்தல்காலைத் தட்டிப் பார்த்தார்.

"வாச்சு வந்தாச்சோ?"

"வழியிலே இருக்கு. ஏடன்கிட்டே கப்பல் கொஞ்சம் நின்னு போயிடுத்து." இந்தப் பொய் தன் வாயில் எப்படி வந்தது என்று பிச்சுமணி ஐயருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"கப்பல் நிக்கலாம். கார் நின்னா நன்னாயிருக்காது" என்றார் வெங்கடகிருஷ்ணய்யர், சிரித்துக்கொண்டே. "நீர் எல்லாத்தையும் வெட்டினீர், நான் வாயைத் திறக்கலை. இது பையன் ஆசைப்பட்டுக் கேட்டது. கையிலே வாச்சு இல்லேன்னா அவன் கார்லே ஏறமாட்டான். நான் ஏறுன்னு பறயவும் மாட்டேன். ஊர் பார்த்துண்டு நிக்கட்டும்."

அவர் படி இறங்கிப் போனார். விஜயம் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள், வேண்டிய சத்தத்துக்கு மேல் சத்தத்தோடு.

ஆறாம் தேதி தபாலாபீஸில் பிச்சுமணி ஐயர் வாயைத் திறப்பதற்குள் வேதமாணிக்கம் ஒரு காகிதத்தைக் கம்பி வலைக்கு வெளியே தள்ளினான். அன்றைக்கு அவன் முகத்தில் குறும்பு இல்லை.

"இத வாசியுங்க. வாசிச்சுட்டு எனக்கு ஒரு சமாதானம் சொல்லுங்க சாமி."

மேலாபீஸிலிருந்து வந்த மெமோ. வாடிக்கையாளர் ஒருவர் பிப்ரவரி 12ஆம் தேதி திருவனந்தபுரத்தில் எழுதிய ரிஜிஸ்தர் கடிதம் எட்டு மாதம் கழித்து அக்டோபரில்தான் தங்கள் கைக்குக் கிடைத்தது என்றும், வாடிக்கையாளர் நலனுக்காகத் தாங்களே புகார் செய்வதாகவும் லண்டன் கம்பெனி எழுதியிருந்தது. கவுண்டர் குமாஸ்தா மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

"எனக்கு இன்கிரிமெண்ட் வாற சமயம்" என்றான் வேதமாணிக்கம். "எட்டு மாசம் ஒங்க லெட்டர நான் கோந்து டப்பாக்குள்ளயா போட்டு வச்சிருந்தேன்? ரிஜிஸ்தர் புஸ்தகத்துல செப்டம்பர் இருவத்தெட்டுன்னு கெடக்கு. ஒங்க லெட்டர்ல பிப்ரவரின்னு எதுக்கு எழுதினிய?"

"பிப்ரவரியா? நான் எழுதலை. பன்னெண்டு, ரெண்டு. கன்னி பன்னெண்டுன்னாக்கும் எழுதினது."

"லெட்டருக்குக் காப்பி உண்டா?"

காப்பி இல்லாமல் பிச்சுமணி ஐயர் கோட்டுப் போட்டதில்லை. கொடுத்தார். வேதமாணிக்கம் விரலை வைத்து வாசித்துக்கொண்டே வந்தான். பதினொன்றாம் பாராவில் விரல் நின்றது.

"சாமி, இந்த ஒண்ணு, ஆறு எது?"

"மகரம் ஒண்ணு. தை ஒண்ணு."

"லண்டன்ல மகரம் உண்டா சாமி?"

பிச்சுமணி ஐயர் கம்பி வலைக்குள் எட்டித் தன் காப்பியைப் பார்த்தார்.

"அங்க ஆறாம் மாசம்னா ஜூன். ஜூன் ஒண்ணுலேருந்து எட்டுக்குள்ள குடுப்பான். அதுக்கு முன்ன குடுக்கப்பிடாதுன்னு நீங்களே எழுதியிருக்கிய. அடியில கோடு வேற. ரெண்டு கோடு."

"வருஷம்? ஆயிரத்து நூத்தொம்பதுன்னு போட்டிருக்கேனே. அதைப் பார்த்தாவது அவனுக்குத் தோணவேண்டாமா?"

"கைப்பெசகுன்னு நெனச்சிருப்பான். எண்ணூறு வருசத்துக்கு மின்ன வாச்சுக்கு யாரு ஆர்டர் போட்டா?" இப்போது குறும்பு திரும்பி வந்துவிட்டது. அவன் வாயைப் பொத்திக்கொண்டான். வலைக்குப் பின்னால் தோள் குலுங்கியது.

"லண்டனுக்குக் கம்பித் தந்தி அடிச்சா?"

"கம்பி அடிச்சா மூணு நாள்ல கப்பல் வந்திருமா? அது கெடக்கட்டும். நீங்க போட்டது கொல்லம் தேதின்னு ஒரு விளக்கம் எழுதி ஒப்பு போட்டுத் தாங்க சாமி. எனக்கு மெமோ ஒழியட்டும்."

இருபத்திரண்டு வருஷமாக ஊரிலுள்ள எல்லோரிடமும் விளக்கம் கேட்டவர், அன்றைக்குத் தபாலாபீஸ் மேஜையில் நின்றுகொண்டு, சங்கிலியில் கட்டிய பேனாவால் தன் முதல் விளக்கத்தை எழுதினார். நிப் முனை உடைந்திருந்தது. தேதி போடும் இடம் வந்ததும் எழுதுவதை நிறுத்தி, வேதமாணிக்கத்தைக் கேட்டு எழுதினார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் சூடாமணி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மார்கழி மார்கழின்னு பிராணனை வாங்கினது யாரு?" என்றார் அவர், முந்திக்கொண்டு.

"மார்கழின்னா மார்கழின்னு எழுதவேண்டியதுதானே! நம்பரா எழுதச் சொன்னேன்?"

"நான் படிச்சுப் பார்க்கறேன்னேன்" என்றாள் விஜயம். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ஒண்ணுமில்லே. கல்யாணம் நின்னா அப்பளம் இடற வேலை மிச்சம்" என்றாள். ஆனால் அவள் கண் பந்தலில் இருந்தது. தெருவில் நாற்பது வீடு. நாற்பது வீட்டிலும் பத்திரிகை கொடுத்தாயிற்று. கார் வராமல் போனால் அந்த நாற்பது வீட்டுக்கு நடுவில்தான் அவள் மிச்ச ஆயுளும் குடியிருக்க வேண்டும். அதைப் பிச்சுமணி ஐயரும் பார்த்தார். கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டார்.

ஆரியசாலைக் கடையில் பிள்ளை அவர் படி ஏறுவதைப் பார்த்தார். ஸ்டூலை எடுத்து முன்னால் போட்டார்.

பிச்சுமணி ஐயர் உட்கார்ந்தார். "அந்த வாச்சு இருக்கோ?"

"சாமி பாக்கியம், இருக்கு. எழுவத்தஞ்சு."

"அறுபதுன்னு சொன்னீர். அம்பத்தஞ்சுக்குத் தரேன்னு பறஞ்சீர்!"

"அது கன்னி மாசம். இது தை. ஊருக்குள்ள முப்பது கல்யாணம், வாச்சு ஒண்ணு." பிள்ளையின் குரலில் கோபமும் இல்லை, வெற்றியும் இல்லை. "லண்டன்ல வெல ஏறல்ல சாமி. அவசரம் இல்லேன்னா அங்க எடுக்கலாம்."

"பகல் கொள்ளை, ஓய்."

"லண்டன் வாச்சு எப்பம் வருதாம்?"

பிச்சுமணி ஐயர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தேதி, மகரம், ஜூன், எல்லாம். சொல்லாமல் முடியவில்லை; கையில் எழுபத்தைந்து இல்லை. பிள்ளை குறுக்கே பேசாமல் கேட்டார். சிரிக்கவும் இல்லை. வியாபாரி சிரிக்காமல் கேட்டால் கணக்குப் போடுகிறான் என்று அர்த்தம்.

"சரி, இப்படிச் செய்வோம். ஜூன்ல வார வாச்ச சுங்கம் கெட்டி எடுத்து எனக்குத் தந்திருங்க. லண்டன் வெல என்னவோ, அத இப்பமே தள்ளிக்கிடுகேன். இருவத்துமூணேகால். ஒரு சக்கரம் கொறைக்க மாட்டேன். பாக்கி அம்பத்தொண்ணேமுக்கால். அதுல முக்கால் வேண்டாம், கல்யாண வீடு."

பிச்சுமணி ஐயருக்குக் கணக்கு நன்றாக வரும். அதனாலேயே அன்றைக்கு வேண்டுமென்றே போடவில்லை. அம்பத்தொன்றை எண்ணி வைத்தார். ஜூன் மாத வாச்சு பிள்ளைக்குச் சேர வேண்டியது என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். பிள்ளை அதை வாங்கித் தூக்கிப் பிடித்துத் தேதியை மட்டும் பார்த்தார்.

"இதுல போட்டிருக்கது எந்த மாசம் சாமி?"

கார் வந்தது. மாப்பிள்ளை ஏறினார். நாகஸ்வரக்காரர்கள் வலியசாலை முழுக்க வாசித்து வந்தார்கள். தெருவெல்லாம் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம்; ரேடியம் ஒளிர்கிறதா என்று பார்க்க மாப்பிள்ளைக்கு இருட்டு கிடைக்கவில்லை. அங்கவஸ்திரத்தைத் தலையோடு போர்த்திக்கொண்டு உள்ளே மணி பார்த்தார். அவருக்கு வியர்த்துவிட்டது என்று நினைத்து இரண்டு பேர் விசிறினார்கள். மறுநாள் முகூர்த்தத்துக்குக் கல்யாண வாத்தியார் மணி கேட்டபோது மாப்பிள்ளையின் வாச்சு ஏழு நிமிஷம் பின்தங்கியிருந்தது. யாரோ கோட்டைப் பக்கத்துப் பெரிய கடிகாரத்துக்கு ஆள் அனுப்பி மணி பார்த்து வரச் சொன்னார்கள். வெங்கடகிருஷ்ணய்யர் எல்லோரிடமும், "சம்பந்தி நேரே லண்டனிலேர்ந்து வரவழைச்சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிச்சுமணி ஐயர் மறுக்கவில்லை. பேனா கேட்டவர்களுக்கு மட்டும் ஏடன் கப்பல். வாச்சு வந்த கப்பலில் பேனா ஏன் வரவில்லை என்று சாம்பசிவன் கேட்டார். அது வேறு கப்பல் என்றார் பிச்சுமணி ஐயர்.

லண்டன்காரன் சொன்ன சொல் தவறவில்லை. இடவப்பாதி என்று ஊர் சொல்லும் பருவமழை தெருவைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஜூன் ஒன்றாம் தேதி காலையில், பார்சல் வந்தது. உள்ளே ஒரு கடிதம். குறித்த நாளுக்கு முன்பாக வந்துவிடக் கூடாது என்பதற்காகப் பார்சலைப் பல மாதம் தங்கள் கிடங்கில் பத்திரமாக வைத்திருந்ததாகவும், ஆண்டைப் பற்றிய கைப்பிசகைத் தாங்களே திருத்திக்கொண்டதாகவும் எழுதியிருந்தது. சுங்கம் ஏறக்குறைய பாதி விலை. வேதமாணிக்கம் அதை வாங்கிக்கொண்டு, "சாமி, இன்னைக்கு மழ. நனையாம கொண்டு போங்க, இது தை மாசத்து வாச்சாக்கும்" என்றான்.

சாம்பசிவன் பேனாவை வாங்க மறுத்துவிட்டார். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே பிள்ளை கடையில் ஏழரைக்கு ஒன்று வாங்கிவிட்டார். பழைய ஏழு ரூபாய் திரும்பி வேண்டும் என்றார். அவரைப் பார்த்து மற்றப் பத்துப் பேரும் கேட்டார்கள்.

ஆக அடுத்த சனிக்கிழமை பிச்சுமணி ஐயர் ஆரியசாலைக் கடையில் நின்றார். கண்ணாடிப் பெட்டியின் மேல் வாச்சும் பதினோரு பேனாக்களும். பிள்ளை ஒவ்வொரு பேனாவையும் திருகிப் பார்த்தார்.

"நல்ல சரக்கு. பேனாவுக்கும் லண்டன் வெலைதான் சாமி. அஞ்சு."

"நான் சுங்கம் கட்டியிருக்கேன், ஓய். தபால் செலவு இருக்கு, நடந்த நடை இருக்கு—"

"அதெல்லாம் கடல்ல போச்சு" என்றார் பிள்ளை.

அப்போது குடையை மடக்கிக்கொண்டு ஒரு இளைஞன் படி ஏறினான். நீலகண்டன், கச்சேரியில் ரெவின்யூ பிரிவு, தங்கைக்குக் கல்யாணம். பெட்டியின் மேலிருந்த ரேடியம் வாச்சைப் பார்த்து விலை கேட்டான். பிள்ளை அறுபத்தைந்து என்றார். நீலகண்டன் பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்தான்.

"லண்டனிலே முப்பத்தஞ்சு ஷில்லிங்ன்னா போட்டிருக்கு?" என்றவன் திரும்பினான். "பிச்சுமணி மாமா! உங்காத்துக் கல்யாணத்துக்கு நீங்க நேரே வரவழைச்சேள், இல்லையா? கச்சேரியே பேசிண்டதே. ஒழுங்கா வந்ததா?"

பிள்ளை பேனாவைத் திருகுவதை நிறுத்தினார்.

பிச்சுமணி ஐயர் வாச்சைப் பார்த்தார். பிறகு நீலகண்டனின் புதுக் குடையைப் பார்த்தார். எல்லோரையும் விடக் கெட்டிக்காரன் என்ற நினைப்பு அவன் முகத்தில் எழுதியிருந்தது. அந்த முகம் அவருக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது மாதத்துக்கு முன் இதே கண்ணாடியில் பார்த்திருந்தார்.

"சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்பின் இல்லாம வந்தது" என்றார். அது உண்மைதான்.

"கடிதாசு எப்படி எழுதணும்னு சொல்லுவேளா மாமா?"

பிச்சுமணி ஐயர் கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த பழைய கடிதக் காப்பியை எடுத்தார். "இதைப் பார்த்து அப்படியே எழுது. எட்டணா."

"எட்டணாவா?"

"செலவினம்."

நீலகண்டன் கொடுத்தான். காப்பியைப் பிரித்து மேலிருந்து கீழ்வரை மரியாதையோடு பார்த்தான். "தேதியெல்லாம் இப்படியேதானா?"

"ஆபீஸ் வழக்கம்தான். கல்யாணம் என்னிக்கு?"

"சிங்கம் பன்னெண்டு. ஆவணியிலே."

"அப்போ பன்னெண்டு, ஒண்ணு, ஆயிரத்து நூத்திப்பத்துன்னு போடு. கீழே ரெண்டு கோடு இழு. இல்லேன்னா அவன் கவனிக்கமாட்டான்."

நீலகண்டன் நன்றி சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

பிள்ளை கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். வாச்சைத் துடைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய இடத்தில் வைத்தார். பிறகு ஸ்டூலை எடுத்துப் பிச்சுமணி ஐயர் பக்கம் நகர்த்திப் போட்டார்.